சென்சாரை மாற்றியும் அணையாத செக் எஞ்சின் லைட்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை மூன்று வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன விடுமுறையில் குடும்பத்தோடு கொடைக்கானல் மலை ஏறும்போது செக் எஞ்சின் லைட் எரிய ஆரம்பித்தது. மெக்கானிக் ஸ்கேனர் போட்டு அழித்தார். ஒரு வாரத்தில் மறுபடி வந்துவிட்டது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மாற்றினார், 6,500 ரூபாய் ஆயிற்று. பத்து நாள் லைட் அணைந்திருந்தது, பிறகு திரும்பவும் வந்துவிட்டது. இப்போது எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மே போய்விட்டது, மாற்ற 28,000 ஆகும் என்கிறார். எல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் செய்யும் வேலை என்கிறார் என் தம்பி. வீடியோ பார்த்து பெட்ரோல் மூடியை இறுக்கிப் பார்த்தேன், பலனில்லை. வண்டி ஓடுகிறதல்லவா, அதைக் கண்டுகொள்ளாதீர்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. மேட்டில் ஏசி போட்டால் இழுக்க மாட்டேன் என்கிறது. மைலேஜும் 17-லிருந்து 14 ஆகிவிட்டது. நான் 500 ரூபாய்க்குத்தான் பெட்ரோல் போடுவேன், ரிசர்வ் லைட் வந்ததும் மறுபடி 500. முதல் தடவை ஸ்கேனரில் வந்ததை என் மகன் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். அதை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்:

முதலில் உங்கள் மகனுக்கு ஒரு சபாஷ். இவ்வளவு செலவுக்கும் நடுவில் கையில் இருக்கும் உருப்படியான சாட்சி அந்தப் படம் ஒன்றுதான். அதில் தெரியும் கோட் பி0171. அதற்குக் கீழே ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று, கோளாறு பதிவான நொடியின் அளவுகளைக் காட்டும் ஒரு பகுதி இருக்கிறது, பார்த்தீர்களா? எஞ்சின் சுற்று 2,900. லோடு 71 சதவீதம். வண்டியின் வேகம் 41. கூலன்ட் சூடு 93 டிகிரி. ஷார்ட் டேர்ம் ஃப்யூயல் டிரிம் +9, லாங் டேர்ம் +21. மெக்கானிக் இந்த வரிகளை நிதானமாகப் படித்திருந்தால் சென்சாரை மாற்றியிருக்க மாட்டார், ஈசிஎம் பேச்சும் வந்திருக்காது.

ஈசிஎம்மை மாற்ற வேண்டாம். இப்போதைக்கு எதையுமே மாற்ற வேண்டாம். என் சந்தேகம் டேங்குக்குள் இருக்கும் ஃப்யூயல் பம்ப் மீதும் அதோடு சேர்ந்த ஃபில்டர் மீதும்தான். அதைக்கூட நான் சொன்னேன் என்பதற்காக மாற்றிவிடாதீர்கள். பிரஷர் கேஜ் வைத்து அளந்து, குறைவு என்று கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள். இந்த விஷயம் பிடிபட்டுவிட்டால் இனி எந்த ஒர்க்‌ஷாப்பிலும் உங்களை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

கோட் என்பது எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லும் தீர்ப்பு இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் புகார், அவ்வளவுதான். பி0171-இல் முதல் எழுத்து எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது என்பதைக் குறிக்கும். அடுத்த 0, எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொதுவான கோட் என்பதற்காக. அதற்கடுத்த 1, புகார் காற்று–எரிபொருள் கலவையைப் பற்றியது என்று சொல்கிறது. கடைசி 71-இல்தான் புகாரே இருக்கிறது: ‘கலவையில் பெட்ரோல் போதவில்லை’. இதை மெக்கானிக்குகள் லீன் என்பார்கள். ஏன் போதவில்லை, யார் காரணம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நாம் கூலி கொடுக்கிறோம்.

கம்ப்யூட்டர் இந்த முடிவுக்கு எப்படி வருகிறது? ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று கணக்குப் போட்டு, அதற்குத் தக்கபடி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை இத்தனை மில்லிசெகண்ட் திறந்து வைக்கிறது கம்ப்யூட்டர். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று, சைலன்சர் குழாயின் தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்க்கிறது. மிச்சம் நிறைய இருந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், மிச்சமே இல்லையென்றால் 0.9 பக்கம் ஏறும். இறங்கினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் இந்த இழுபறி நடந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கூட்டல் கழித்தலின் கணக்குதான் ஃப்யூயல் டிரிம். ஷார்ட் டேர்ம் என்பது இந்த நொடியில் செய்யும் திருத்தம். லாங் டேர்ம் என்பது பல நாள் ஓட்டத்தில், ‘இந்த வண்டிக்கு எப்போதும் இவ்வளவு கூடுதலாகத் தேவைப்படுகிறது’ என்று பழகி வைத்துக்கொண்ட திருத்தம். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நல்ல வண்டியில் கூட்டுத்தொகை பத்துக்குள் இருக்கும், கூட்டலிலும் சரி, கழித்தலிலும் சரி. உங்கள் வண்டியில் 9-உம் 21-உம் சேர்ந்து 30. அதாவது கணக்குப்படி ஊற்ற வேண்டியதற்கு மேல் 30 சதவீதம் அதிகமாக ஊற்றச் சொல்லி இன்ஜெக்டரைத் திறந்து வைத்தும், கலவையைச் சரிக்கட்ட முடியாமல் கம்ப்யூட்டர் திணறியிருக்கிறது. இனி என்னால் ஆகாது என்ற இடத்தில்தான் லைட்டைப் போட்டது.

இப்போது சென்சாருக்கு வருவோம். ‘பெட்ரோல் போதவில்லை’ என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்வது அந்தச் சென்சார். அதனால் சென்சாரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது, ஜுரம் அடிக்கிறதே என்று தெர்மாமீட்டரை மாற்றுவதைப் போலத்தான். சென்சாரே கெட்டுப்போனால் அதற்கென்று தனிக் கோட் வரிசை இருக்கிறது, பி0130-இல் தொடங்கி. அதன் ஹீட்டர் கம்பி எரிந்துபோனால் பி0135. உங்கள் படத்தில் அவை எதுவும் இல்லை. சென்சார் சோம்பிப்போய்ப் பொய் சொல்லும் வாய்ப்பு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது: காற்று உள்ளே போகும் வழியில் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் அடித்தால் சென்சார் உடனே 0.9-ஐத் தொட வேண்டும். தொட்டால் சென்சார் உயிரோடு இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

‘சென்சார் மாற்றியதும் பத்து நாள் அணைந்திருந்ததே’ என்று நீங்கள் கேட்கலாம். அணைந்தது சென்சாரால் இல்லை, அதை மாற்றிய கையோடு ஸ்கேனரில் கோடை அழித்ததால். அழிக்கும்போது கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த லாங் டேர்ம் கணக்கும் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். பிறகு மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். கோளாறு ஒரு ஓட்டத்தில் தெரிந்தாலும் பி0171 மாதிரி கோளாறுக்கு உடனே லைட் வராது. முதல் தடவை கண்டால் ‘பெண்டிங்’ என்று குறித்து வைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட் எரியும். நீங்களோ பெரும்பாலும் சமவெளியில் பள்ளிக்கும் வீட்டுக்குமாக ஓட்டுகிறீர்கள். அதனால் பத்து நாள் ஆயிற்று. முதல் தடவை சும்மா அழித்தபோது ஒரு வாரம் தாங்கியதும் இதே கதைதான். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கோளாறு உண்மையிலேயே சரியானால் யாரும் அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. பொதுவாக மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து சுத்தமாக இருந்தால் லைட் தானாக அணைந்துவிடும்.

சரி, பெட்ரோல் ஏன் போதவில்லை? ஒன்று, கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ கூடுதலாக உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் கணக்கில் எழுதிய அளவு பெட்ரோல் நிஜத்தில் வராமல் இருக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஃப்ரீஸ் ஃப்ரேம் கைகொடுக்கிறது. கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் என்ன செய்துகொண்டிருந்தது என்பதன் படம் அது. 2,900 சுற்றில் 41 கிலோமீட்டர் வேகம் என்றால் செகண்ட் கியர். லோடு 71. அதாவது நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிறீர்கள். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் அந்த எண்கள் சொல்லிவிடும்.

எங்காவது ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிந்தால், அதன் பாதிப்பு ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் சும்மா ஓடும்போதுதான் அதிகம் தெரியும். எஞ்சின் கொஞ்சமாக மூச்சு விடும் நேரம் அது, சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்காகிவிடும். மலை ஏறும்போது எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவுக்கு அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு, பல மெக்கானிக்குகளே கவனிக்காதது. நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் காற்றை நேரடியாக அளக்கும் மீட்டர் கிடையாது. எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் பார்த்துச் சொல்லும், அதை வைத்துக் காற்றைக் கணக்கிடுவார்கள். அப்படிப்பட்ட வண்டியில் மேனிஃபோல்டில் காற்று கசிந்தால் அழுத்தமும் ஏறும், கம்ப்யூட்டர் அதைப் பார்த்து பெட்ரோலையும் கூட்டிவிடும். கலவை கெடாது. ஐட்லிங் மட்டும் தாறுமாறாக ஏறும். ஐட்லிங்கில் தொல்லை என்று நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆகவே காற்றுக் கசிவை நான் பட்டியலின் அடியில் வைக்கிறேன்.

பெட்ரோல் வரத்து குறைந்தால் கதை நேர்மாறு. ஐட்லிங்கிலும் ஊருக்குள்ளும் எஞ்சின் கேட்பது கொஞ்சம், களைத்த பம்பும் அதைக் கொடுத்துவிடும். மேட்டில், ஏசி போட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கேட்பது பல மடங்கு. அப்போது பிரஷர் இறங்கும். இன்ஜெக்டர் அதே நேரம் திறந்திருந்தாலும் குறைவாகவே பீய்ச்சும். ‘ஊருக்குள் ஒன்றும் தெரிவதில்லை, மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பம்ப், ஃபில்டர் மீது நான் கை வைப்பது இதனால்தான்.

இன்னொரு காரணம் உங்கள் 500 ரூபாய். இன்றைய விலைக்கு ஐந்து லிட்டர்கூட முழுதாக வராது. ஃப்யூயல் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி இருக்கும் மோட்டார். ஓடும்போது அதைக் குளிர வைப்பது சுற்றியிருக்கும், உள்ளே ஓடும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் சூட்டிலேயே வேலை செய்யும், ஆயுள் குறையும். மலையில் வளைவுக்கு வளைவு டேங்கின் அடியில் இருக்கும் கொஞ்சம் பெட்ரோலும் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். கொடைக்கானல் போன அன்று டேங்கில் எவ்வளவு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். எப்படியும் இனிமேல் கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். உங்களுக்கு ஆகும் செலவு அதேதான், முதல் ஒரு தடவை மட்டும் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்? ‘பிரஷர் கேஜ் வைத்து ஃப்யூயல் பிரஷர் பாருங்கள்’ என்று கேளுங்கள். இந்த மாதிரி வண்டிகளில் பொதுவாக மூன்றிலிருந்து நான்கு பார் இருக்கும், உங்கள் மாடலுக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு. ஐட்லிங்கில் மட்டும் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஜைக் கட்டி வைத்து, ஏசி போட்டு, ரேஸ் பண்ணிப் பார்க்க வேண்டும். அதில் தெரியவில்லை என்றால், ஓட்டிக்கொண்டே லோடில் டிரிம் எப்படிப் போகிறது என்று ஸ்கேனரில் பார்க்கலாம்: ஐட்லிங்கில் ஐந்தாறு இருந்து, மேட்டில் முப்பதைத் தொட்டால் வரத்துதான் குறைகிறது. எஞ்சினை நிறுத்திய பிறகு பிரஷர் விறுவிறுவென்று இறங்குகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இதை வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம். குழாயில் அடைந்திருக்கும் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும், சூடான எஞ்சின் பக்கத்தில் அது விளையாட்டில்லை.

பிரஷர் சரியாக இருந்துவிட்டால் அடுத்து இன்ஜெக்டர். கழற்றி பெஞ்சில் வைத்து நான்கும் ஒரே அளவு ஊற்றுகின்றனவா என்று கண்ணாடிக் குழாயில் பார்க்கும் இயந்திரம் திண்டுக்கல், மதுரை மாதிரி ஊர்களில் கிடைக்கும். பிறகு, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே விரிசல் இருந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, சென்சார் வீணாக ‘ஆக்சிஜன் மிச்சம்’ என்று சொல்லும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் நின்றுபோனால் இதுதான். கடைசியாக மேப் சென்சார்: சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் பார்த்தால், அது ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். திண்டுக்கல்லில் 98 கிலோபாஸ்கலை ஒட்டி. 85 என்று காட்டினால் அது பொய் சொல்கிறது, குறைவான காற்று என்று நம்பிக் கம்ப்யூட்டர் குறைவாக ஊற்றுகிறது என்று பொருள்.

ஈசிஎம்மை ஏன் இவ்வளவு உறுதியாக வேண்டாம் என்கிறேன்? கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். உள்ளே மெமரியோ பிராசஸரோ கெட்டால் பி06 என்று தொடங்கும் கோட் வரிசையில் பதியும். உங்கள் வண்டியில் வந்தது அந்த வரிசையே இல்லை. ஸ்கேனரோடு பேசுகிறது, நான்கு சிலிண்டரையும் ஒழுங்காக ஓட்டுகிறது, டிரிம் கணக்குப் போடுகிறது. இப்படி வேலை செய்யும் கம்ப்யூட்டரைக் கெட்டது என்பது, வேறு எதுவும் தோன்றாதபோது சொல்லும் பேச்சு. தவிர, வேறு வண்டியிலிருந்து பழைய ஈசிஎம்மைக் கொண்டுவந்து போட்டால் சாவியை அடையாளம் பார்க்கும் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசரோடு ஒத்துப்போகாமல் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். அப்புறம் கோடிங் என்று இன்னொரு பில்.

உங்கள் தம்பி சொன்னதில் பாதி உண்மை உண்டு. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்றால், பத்து சதவீத எத்தனால் கலந்ததற்கு 14.1, இருபது கலந்ததற்கு ஏறக்குறைய 13.5. ஆகவே பழைய கணக்கில் ஓடும் வண்டியில் இ10-இலிருந்து இ20-க்கு மாறினாலே கம்ப்யூட்டர் நான்கைந்து சதவீதம் கூடுதலாக ஊற்றியாக வேண்டும். அது டிரிம்மில் தெரியும். ஆனால் நான்கைந்து வேறு, முப்பது வேறு. நல்ல நிலையில் இருக்கும் வண்டி இதைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். ஏற்கெனவே பம்ப் களைத்து, டிரிம் விளிம்பில் நின்றுகொண்டிருந்த வண்டியை எத்தனால் விளிம்புக்கு வெளியே தள்ளியிருக்கலாம். எத்தனாலைக் குறை சொல்லிவிட்டுப் பம்பைப் பார்க்காமல் விட்டால், பம்ப் ஒருநாள் நடுரோட்டில் நிற்கும்.

மைலேஜ் விஷயத்திலும் அப்படித்தான். எத்தனால் கூடியதால் இறங்கக்கூடியது மூன்று சதவீதத்தை ஒட்டித்தான், 17 என்பது 16.5 ஆகலாம். 14 ஆகாது. மீதி, இழுவை இல்லாமல் நீங்கள் கீழ் கியரிலேயே ஓட்டுவதால் இருக்கலாம், டயர் காற்றோ பிரேக் பிடித்துக்கொள்வதோகூட இருக்கலாம். உண்மையைச் சொன்னால் 500 ரூபாய்க்குப் போட்டு, ரிசர்வ் லைட்டை வைத்துக் கணக்கிடும் மைலேஜை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முழு டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுதாக நிரப்பி அளந்து பாருங்கள்.

பெட்ரோல் மூடி யோசனை அமெரிக்க வீடியோவிலிருந்து வந்தது. அங்கே 1996-இலிருந்து எல்லாக் கார்களிலும் ஓபிடி-2, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துக் கோடாகச் சொல்லும் ஏற்பாடு, கட்டாயம். டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஒரு மில்லிமீட்டர் ஓட்டை அளவு கசிந்தாலும் லைட் வரும். அதனால் மூடியைச் சரியாக மூடாவிட்டால் அங்கே லைட் எரிவது சகஜம். நம் விதிகள் ஐரோப்பாவைப் பார்த்து எழுதியவை. 2010 ஏப்ரலில் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் என்று ஓபிடி இங்கே வந்தது. உங்கள் காலத்து வண்டிகளில் அந்த ஆவிக் கசிவுச் சோதனை பெரும்பாலும் இல்லவே இல்லை. மூடியை இறுக்கியதில் தப்பில்லை, அதனால் லைட் அணையும் என்று காத்திருக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனைதான் எனக்குப் பிடிக்காதது. லைட் நிலையாக எரிகிறது, வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்றால் உடனே ஓரம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை, உண்மைதான். ஒன்றிரண்டு வாரம் ஊருக்குள் ஓட்டலாம். ஆனால் லைட் எரிந்துகொண்டே இருக்கும்போது இரண்டாவதாக வேறொரு கோளாறு வந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதோடு லைட் விட்டு விட்டு மின்னினால் நிலைமை வேறு. எஞ்சின் மிஸ் அடித்து, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், உள்ளே இருக்கும் பீங்கான் உருகும். அந்தப் பொருளின் விலைக்கு முன்னால் ஈசிஎம்மே மலிவு என்று தோன்றும். மின்னினால் காலை எடுத்து, மெதுவாக ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். பம்ப் விஷயம் தீரும்வரை மலைப்பக்கம் போக வேண்டாம். புகைச் சான்று வாங்கும்போது பாஸ் ஆகிவிட்டதே என்பதும் சமாதானம் இல்லை. அங்கே வண்டியை நிறுத்தி வைத்துப் பார்க்கிறார்கள், உங்கள் கோளாறோ மேட்டில் வருவது.

இதே லைட்டைப் பற்றி எழுதிய மற்றவர்களுக்காகச் சில வார்த்தைகள். வண்டியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்த பிறகு லைட் வந்தால், ஸ்கேனருக்கு முன்னால் பானெட்டைத் திறந்து எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் சென்சாரை விட ஒயர்தான் அதிகம் போகிறது. எஞ்சினுக்குள் பிரஷர் வாஷ் அடித்த மறுநாள் வந்தால், கனெக்டரில் தண்ணீர். பி0301-லிருந்து பி0304 வரை வந்தால் ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். அந்த இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில், மாறாவிட்டால் பிளக்கோ இன்ஜெக்டரோ. காசு செலவில்லாத சோதனை. எஞ்சின் போதிய சூடு ஏறவில்லை என்று சொல்லும் பி0128 வந்தால், ஓவர்ஹீட் ஆகக்கூடாது என்று யாராவது தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நம் பக்கம் இது பழைய வழக்கம். அம்பாசடர் காலத்தில் ஓடியது, இந்தக் கால எஞ்சினுக்கு ஒத்துவராது. எஞ்சின் சூடேறாமல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் சாவியை ஆன் செய்ததும் செக் எஞ்சின் லைட் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆனிலேயே எரியவில்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும், ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ என்ற பகுதியில் பாதிச் சோதனைகள் முடியவில்லை என்று வந்தால், உங்களுக்குக் காட்டுவதற்கு முன்புதான் யாரோ கோடை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நான்கு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

திரும்ப உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போனோடு ப்ளூடூத்தில் பேசும் ஓபிடி அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட்டில் செருகினால் போதும். உங்கள் மகனுக்கு இதில் ஆர்வம் இருக்கும் போலிருக்கிறது, வாங்கிக் கொடுங்கள். ஐட்லிங்கில் ஒரு தடவை, நின்றபடி 2,500 சுற்றில் ஒரு தடவை, இரண்டு டிரிம்களையும் அவன் குறித்து வைக்கட்டும். ஓடும்போது நீங்கள் ஓட்டுங்கள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். மேம்பாலம் ஏறும்போது வரும் எண்கள் முக்கியம். வேலை முடிந்தவுடன் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்தால் பேட்டரியை உறிஞ்சும். ‘கிளியர்’ பொத்தானை மட்டும் அவன் தொடக்கூடாது. அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும்.

மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டாம். ஒரு விஷயத்தை நாமும் யோசிக்க வேண்டும். பழுதைக் கண்டுபிடிக்க அரை நாள் செலவழிப்பவருக்கு நம் ஊரில் யாரும் காசு கொடுப்பதில்லை. பொருளை மாற்றினால்தான் கூலி என்றால், அவர் பொருளை மாற்றத்தான் செய்வார். ‘பிரஷர் டெஸ்ட்டுக்கும் ஸ்கேனுக்கும் எவ்வளவு ஆகும் என்று தனியாகச் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன். அளவு என்ன வந்தது என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

பம்ப்தான் என்று அளவில் உறுதியானால், மாற்றும்போது ஃபில்டரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பல வண்டிகளில் இரண்டும் ஒரே மாட்யூலாகத்தான் வரும். டேங்கைத் திறந்த கையோடு அடியில் வண்டல் இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யட்டும், இல்லாவிட்டால் புது ஃபில்டரும் சீக்கிரமே அடைக்கும். இன்னொன்று: கழற்றிய பழைய ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு வாங்கி வையுங்கள். அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், பின்னாளில் ஸ்பேராக உதவும்.